கூப்பிட்டால் திரும்பாத குட்டி

பதினோரு வயதில் ஒரு நாய்க்குட்டியைத் தன்னந்தனியாக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். எங்கள் வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். நடந்தது முழுவதும் தெரிந்த பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான என் மாமா எங்கள் வீட்டோடு இருந்தார். பகலில் மில் ஆபீஸில் வேலை, மற்ற நேரமெல்லாம் நாய். கொல்லைப்புறத்தில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாயை வளர்த்துவந்தார். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் ஜாதி இருக்கிறது என்பதில் மாமாவுக்கு இருந்த பெருமை, அதை அவரே உண்டாக்கியதுபோல இருக்கும். அந்த நாய் ஐந்து குட்டி போட்டது. நான்கு குட்டிகளைச் சிநேகிதர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது மிஞ்சியது. ஐந்திலும் அதுதான் அழகு. உடம்பில் ஒரு பொட்டுக்கூடக் கறுப்பு கிடையாது, மூக்கு மட்டும் ரோஜா நிறம். நான் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தேன்.

பெயருக்கு ஏற்ற நடத்தை. மற்ற குட்டிகள் வீட்டில் இருந்த நாட்களில், சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டாலே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவரும். ஜமீன் அசையாது. மற்றவை ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஏதோ விசேஷம்போல என்று பின்னால் நிதானமாக எழுந்து வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே திரும்பாது. நான் தமிழில் கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா 'ரா ரா' என்று கூப்பிட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷிலும் 'கம் ஹியர்' என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று பாஷைக்கும் ஒரே மரியாதைதான் கிடைத்தது. மாமாவிடம் கேட்டதற்கு அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஏட்டி, இது ராஜ பரம்பரை. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் வாலாட்டிக்கிட்டு ஓடியார இது என்ன தெரு நாயா?" என்றார். அந்தப் பதிலில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. தெருவில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு நாய் என்றாலே ஆகாது. தாய் நாயைப் பொறுத்துக்கொண்டதே மச்சினன் முகத்துக்காகத்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காயப்போட்ட வேட்டியை ஜமீன் இழுத்துக் கிழித்துவைத்திருந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் குட்டி வீட்டைவிட்டுப் போகாவிட்டால் திங்கட்கிழமை காலையில் முனிசிபாலிட்டி நாய் வண்டியில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். நாய் வண்டியில் ஏறிய நாய் திரும்பியதில்லை என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிநேகிதர் இருந்தார். தேரடிக்குப் பக்கத்தில் பால்கோவாக் கடை. செண்பகத்தோப்பில், காட்டை ஒட்டி அவருக்கு ஒரு மாந்தோப்பும் உண்டு. பன்றித் தொல்லை தாங்கவில்லை, இலை அசைகிற சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டுகிற நாயாக ஒன்று வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவோ அதைத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நினைத்தாரோ, குட்டியை நன்றாகக் குளிப்பாட்டித் துடைத்து, என் அக்காவின் லேடீஸ் சைக்கிளின் முன்கூடையில் சாக்கு விரித்து அதில் உட்காரவைத்தார். தனக்கு வயிற்றுவலி என்றும், நான்தான் வீட்டிலேயே தைரியசாலி என்றும் சொன்னார். "நேரா அவிய கடையில எறக்கிவிட்டுட்டு வந்துரு. ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்கு நான் ஏற்கெனவே இரண்டு தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். போதாக்குறைக்குத் தைரியசாலி என்று வேறு சொல்லிவிட்டார். நான் கிளம்பாமல் இருப்பேனா?

மார்கழி போய்த் தை பிறந்திருந்த நேரம், வெயில் இதமாக இருந்தது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் கூடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மணியை அடித்துக்கொண்டே போனேன். ஜமீன் கூடை விளிம்பில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர் எல்லை தாண்டி, பாதி தூரம் வந்திருப்பேன், முன் டயர் வெடித்தது. தீபாவளி வெடி தோற்றது. புளியமரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சாலையோர மண்ணில் காலை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டேன்.

கூடைக்கு நேர் கீழேதான் வெடித்தது. ஜமீன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. இதுவல்லவா வீரம் என்று நினைத்தேன்.

பெருமிதம் ஐந்து நிமிஷம் தாங்கியது. அப்புறம் நிலைமை புரிந்தது. முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டம் இல்லை. உருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதென்றால் மதியமாகிவிடும். வீட்டுக்குத் திரும்பினால் நாய் வண்டி. அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு அழுதேன்.

அப்போதுதான் ராஜபாளையம் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். முப்பது வயது இருக்கும். தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி படிந்திருந்தது, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பிள்ளை பிடிக்கிறவர்களுக்குக் கண் சிவந்திருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். நான் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏ பாப்பா! என்ன ஆச்சு!" என்று அவர் கத்தினார். நிஜமாகவே கத்தினார். பத்தடி தூரத்தில் நிற்கிற என்னிடம், ஊருணிக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல. திட்டுகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கத்தினேன்.

"டயர் வெடிச்சிருச்சு! நான் ஒண்ணும் பண்ணல!"

"கல்லைக் கீழ போடு தாயி! நான் தறிக்காரன்! விடிய விடியத் தறி ஓட்டிட்டு வாரேன்! எங்களுக்கு மெதுவாப் பேச வராது!" என்று அவர் அதே சத்தத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கொட்டகையில் இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு மம்சாபுரத்துக்கு, தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் பாரில் காற்றடிக்கிற பம்பு கட்டியிருந்தது, சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் ஸ்பேனர், சொல்யூஷன், ஒட்டுப்போடுகிற ரப்பர் எல்லாம் இருந்தன. கேள்வி ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து முன் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். நான் ஜமீனை இறக்கித் தரையில் விட்டேன். அது சோம்பல் முறித்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மலையைப் பார்த்தது.

அவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தார்ச்சாலையில் கணீரென்று விழுந்தது. ஜமீன் திரும்பவில்லை. அவர் ஒரு நொடி குட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து வேண்டுமென்றே மறுபடியும் போட்டார். அடுத்து அதன் தலைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். என் சைக்கிள் மணியை அடித்தார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

"அண்ணே, இது ராஜ பரம்பரை. சத்தத்துக்கெல்லாம் திரும்பாது."

"யாரு சொன்னா?"

"எங்க மாமா."

"மாமா வரலையாக்கும்?"

"அவுகளுக்கு வயித்துவலி."

"ம்" என்றார். "எங்க கொண்டு போற?"

செண்பகத்தோப்புக்கு, மாந்தோப்புக் காவலுக்கு என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டார். "அய்யய்ய... அங்க பன்னி வரும், சிறுத்தை வரும்னு சொல்லுதாவளே" என்றார். எது வந்தாலும் என் நாய் பயப்படாது, டயர் வெடித்ததற்கே அது கண் விழிக்கவில்லை என்று நான் விளக்கினேன். இது நல்லபடியாகப் போய்ச் சேராவிட்டால் அப்பா முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்றிவிடுவார் என்பதையும் சொன்னேன். அவர் என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

குட்டிக்குக் காது கேட்காது. முழு வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலவற்றுக்கு அப்படி ஆவதுண்டு. இதைப் படிக்கிறவர்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். இரண்டு மாதம் கூடவே வளர்த்த எனக்குத்தான் தெரியவில்லை. காது கேளாமையைக் கம்பீரம் என்று நினைப்பதற்கு எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

தறிக்காரர் அதை என்னிடம் சொல்லவில்லை. ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டார். டயர் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தன் தூக்குவாளியைச் சுற்றியிருந்த பேண்டேஜ் துணியை அவிழ்த்து, எட்டாக மடித்து, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்தார். "ஆளுக்குக் கட்டுற துணி. சைக்கிளுக்குக் கட்டக்கூடாதா என்ன?" என்றார். ஒட்டு காய வேண்டும், செத்த நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் வாங்கியிருந்த பன் ஒன்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்தார்.

"பாப்பா, ஒசந்த நாயைக் கூப்பிடுற மொறையே வேற. பேரு சொல்லிக் கத்தப்பிடாது. நாங்க தறிக்கொட்டகையில யாரையும் வாயால கூப்பிட மாட்டோம். கூப்பிட்டா எவனுக்குக் கேக்கும்? கையும் கண்ணுந்தான் பேச்சு. இந்தா பாரு."

ஜமீனுக்குப் பக்கத்தில் போய்க் காலால் தரையை இரண்டு தடவை பலமாக மிதித்தார். ஜமீன் சட்டென்று திரும்பியது. ஜமீன் ஒரு ஆளுக்காகத் திரும்பி அன்றுதான் பார்க்கிறேன். அவர் உள்ளங்கையை விரித்துத் தன் பக்கம் அசைத்தார், ஒரு துண்டு பன்னைக் காட்டினார். அது எழுந்து வந்தது. பிறகு என்னை மிதிக்கச் சொன்னார். முதல் தடவை மெதுவாக மிதித்துவிட்டேன். "நல்லா மிதி, தரை அதிரணும்" என்றார். இரண்டாம் தடவை திரும்பியது. பன் தீர்வதற்குள் மிதித்தால் திரும்பவும், கையை அசைத்தால் வரவும், கையைத் தாழ்த்தினால் உட்காரவும் ஜமீன் கற்றுக்கொண்டது. இத்தனை நாளும் அது சரியான மரியாதைக்காகத்தான் காத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்கே தெரியாத விஷயம் தெரிந்த பிறகு தறிக்காரர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது. அவருடைய காலைப் பலகாரத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தீர்த்துவிட்டோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சக்கரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கு வந்ததும் அவர் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. துணி வைத்த டயர், எம்புட்டு தூரம் தாங்குமோ தெரியாது, கடை வரைக்கும் வாரேன் என்றார். எனக்குத் துணை தேவையில்லை என்று சொன்னேன். தெரியும், ஆனால் டயருக்குத் தேவை என்றார்.

மாமாவின் சிநேகிதரான கோவாக்கடை அண்ணாச்சி கனத்த ஆள். கடையின் பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் பெரிய வாணலியில் பால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி குட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஏலே வா, வா இங்க" என்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். ஜமீன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். "என்ன பாப்பா, மந்தமா இருக்கு? தோப்புக்கு இது சரிப்படாதே" என்றார். ஒரே எட்டில் முன்னால் போய்த் தரையை இரண்டு மிதி மிதித்தேன். ஜமீன் திரும்பியது. கையை அசைத்தேன், வந்தது. தாழ்த்தினேன், உட்கார்ந்தது. பால் கிண்டிக்கொண்டிருந்தவர்களே ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி மட்டும் அசரவில்லை. ஒரு கரண்டியை எடுத்துக் குட்டியின் முதுகுக்குப் பின்னால் போய் வெற்றுச் சட்டியில் ஓங்கி அடித்தார். ஜமீன் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏ பாப்பா, இதுக்கு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி! செத்த இப்பிடி வாங்க!" என்று தறிக்காரர் ஒரு சத்தம் போட்டார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் கடையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். வழி முழுக்க ஊர் கேட்கப் பேசிக்கொண்டு வந்த மனிதர், அங்கே போய் அண்ணாச்சியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பெரிய கடைக்காரர் என்பதால் மரியாதையாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். எனக்கு இலையில் சுடச்சுடக் கோவா வைத்துக் கொடுத்தார்கள், அதில் கவனம் போய்விட்டது. திரும்பி வந்த அண்ணாச்சி என் தலையில் கைவைத்து, "குட்டி இங்க கடையிலயே இருக்கட்டும் தாயி. தோப்புக்கு நான் வேற பாத்துக்கிடுதேன். நல்லபடியா வந்து சேந்துருச்சுன்னு மாமாட்ட சொல்லு" என்றார்.

காட்டுக்கு அனுப்ப மனசில்லாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார் என்றால் ஜமீன் எப்பேர்ப்பட்ட நாயாக இருக்க வேண்டும்! இதை நான் எங்கள் வகுப்பில் ஒரு மாதம் சொன்னேன். வீட்டில் சொன்னபோது மாமா கொல்லைப்புறம் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஜமீனைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், அது சௌக்கியமாக இருக்கிறது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் என் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோதுதான் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே உடைத்துச் சொன்னார். தறிக்காரர் அன்றைக்கு அவர் காதில் சொன்னது இவ்வளவுதான்: "குட்டிக்குக் காது கேக்காது அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. திருப்பி அனுப்பிராதீய, கொண்ணுபோட்டுருவாக. இன்னைக்கு ஒரு நா வச்சிருங்க, நாளைக்கு விடிஞ்சதும் நான் வந்து தூக்கிட்டுப் போயிருதேன். பிள்ளை ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போகட்டும்." எங்கே வரப்போகிறார் என்றுதான் அண்ணாச்சி நினைத்திருந்தார். திங்கட்கிழமை கடை திறக்கும்போது தறிக்காரர் சைக்கிளோடு வாசலில் நின்றிருக்கிறார், கேரியரில் சாக்கு விரித்த ஒரு கூடையோடு. தறிச் சத்தத்தில் எங்களில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது, இன்னொன்று சேர்ந்தால் பழகிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.

மாமாவைக் கேட்டேன். மறைக்கவில்லை. குட்டி பிறந்த மூன்றாம் வாரமே தெரியும் என்றார். நாய் வளர்க்கிற சிநேகிதர்கள் கிணற்றில் போட்டுவிடச் சொன்னார்களாம், இவருக்குக் கை வரவில்லையாம். "நான் போயிருந்தா சிநேகிதன் மொகத்தைப் பாத்துப் பொய் சொல்லணும். நீ போனா அது பொய்யே இல்ல. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றார். மாமாமேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அவரில்லாமல் கல்யாண வேலை ஓடவில்லை. ஆனால் அந்தத் தறிக்காரரை நினைக்கும்போது மட்டும் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. காரணம், அன்று தேரடியில் நாங்கள் பிரிந்த விதம்.

கடையிலிருந்து வெளியே வந்து அவர் டயரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் காற்றடித்தார். மெதுவாகவே போகச் சொன்னார். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஜமீனை விட்டுப் பிரிகிற துக்கம் அவருக்கும் இருக்கும் என்று எனக்குப் பட்டது, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, எங்க மாமாட்ட சொல்லி வைக்கேன். அடுத்த தடவை குட்டி போட்டா ஒங்களுக்கு ஒண்ணு தரச் சொல்லுதேன்."

"சரி தாயி."

"ஆனா ஜமீன் மாதிரி கெடைக்காது."

அவர் பெடலில் ஒரு காலை வைத்தபடி நின்றார். "கெடைக்காதோ?" என்றார். அன்று அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

"கெடைக்காதுண்ணே. அது எல்லாருக்கும் அமையாது" என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டு, கையை அசைத்துவிட்டு மம்சாபுரம் பக்கம் போனார். பாவம், எவ்வளவு நல்ல மனிதர், அவருக்கு அப்படி ஒரு நாய் கிடைக்க வழியே இல்லையே என்று ராஜபாளையம் வந்து சேரும்வரை நான் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.